ஆபிரிக்காவின் பாடமும் நமது காணியும்

குழுவாக வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்



ஆபிரிக்கா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது பஞ்சம், பட்டினி, போர், எலும்புந்தோலுமான குழந்தைகள். உலகின் வேறொரு கோடியில் வாழும் ஒருவருக்கு வன்னி என்ற சொல்லைக் கேட்டதும் எழக்கூடிய படமும் ஏறக்குறைய இதுதான்: முட்கம்பி வேலி, தறப்பாள் கொட்டில், தண்ணீருக்கும் சோற்றுப் பார்சலுக்கும் நிற்கும் வரிசை. அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் அது மட்டுமே நாம் என்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? நாம் காடு வெட்டிக் கழனி செய்தவர்கள், குளங்கட்டிய பரம்பரையினர், ஒருமுறையல்ல, பலமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் அடுப்பு மூட்டியவர்கள். நம்மைப் பற்றிய இந்த முழுப்படத்தையும் பிறர் அறிய வேண்டும் என்று விரும்பும் நாம், ஆபிரிக்க மக்களையும் அவ்வாறே முழுமையாக அறிய முயல்வது நியாயமல்லவா?

ஆபிரிக்கா ஒரு நாடல்ல. ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்ற 54 நாடுகளைக் கொண்ட பெருங்கண்டம். அங்கே ஏறத்தாழ 150 கோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெருந்தொகையினர் நம்மைப் போலவே மழையை நம்பிச் சிறு நிலத்தில் பயிர் செய்கின்றவர்கள். அவர்கள் எதிர்நோக்கும் சவால்களை மூன்று தலைப்புகளில் இப்பாடத்தில் நோக்குவோம்: அதிகாரம், கடன், காணி. ஒவ்வொன்றிலும் அங்கே நடந்ததையும் இங்கே நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பூவரசங்குளத்துக் கமக்காரருக்கு உகண்டாவின் புதினம் எதற்கு என்ற கேள்விக்கு விடை பாடத்தின் முடிவில் தானாகவே கிடைக்கும்.

1. அதிகாரம்: கோடு கீறியவர்கள் யார்?

1884 நவம்பரில் ஐரோப்பிய வல்லரசுகளின் பிரதிநிதிகள் ஜேர்மனியின் பேர்லின் நகரிற் கூடினர். 1885 பெப்ரவரி வரை நடந்த அந்த மாநாட்டில் ஆபிரிக்காவைக் கைப்பற்றுவதற்கான விதிமுறைகளைத் தமக்குள் வகுத்துக்கொண்டனர். அங்கே ஆபிரிக்கர் ஒருவர் தானும் இருக்கவில்லை. 1914 ஆம் ஆண்டளவில் எதியோப்பியாவும் லைபீரியாவும் தவிர முழுக்கண்டமும் ஐரோப்பியர் கைக்குள் வந்துவிட்டது. ஒரே மொழி பேசிய மக்கள் இரு நாடுகளுக்குள் பிரிக்கப்பட்டனர். ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாதவர்கள் ஒரே நிர்வாகத்துக்குள் அடைக்கப்பட்டனர்.

கோடு கீறியதோடு இது முடியவில்லை. "எழுத்தில் உரிமை காட்டப்படாத நிலம் அரசுக்குரியது" என்ற கொள்கையைக் குடியேற்ற ஆட்சியாளர் கொண்டுவந்தனர். மேய்ச்சல் நிலம், தரிசு விட்ட நிலம், காடு, ஆற்றங்கரை ஆகிய யாவும் ஒரே நாளில் முடிக்குரிய நிலமாயின. கென்யாவின் வளமான மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கு வழங்கப்பட்டமையும், 1952 இல் அங்கு வெடித்த மௌ மௌ கிளர்ச்சியும் இதன் விளைவுகளே.

இதே கொள்கை நமது நாட்டில் அதற்கும் முன்னரே வந்துவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காட்டு நிலமும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை எனக் கருதப்படும் என்று விதித்தது. சேனைப் பயிர் செய்து நிலத்தை ஆறவிடும் வழக்கமுள்ள மக்களுக்கு இது பேரிடியாயிற்று. இன்று நம்மிற் பலர் கையில் வைத்திருக்கும் காணி அனுமதிப்பத்திரம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. அது உறுதி அல்ல. அரசின் நிலத்தில் நிபந்தனையோடு தரப்பட்ட உரிமையே அது. இந்த வேறுபாட்டை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

1960 ஆம் ஆண்டில் மட்டும் 17 ஆபிரிக்க நாடுகள் சுதந்திரமடைந்தன. கொடி மாறிற்று, ஆனால் தலைநகரிலிருந்து கட்டளையிட்டு ஆளும் இயந்திரம் பெரும்பாலும் மாறவில்லை. கதிரையில் இருந்தவர்களே மாறினர். தலைநகருக்குத் தூரத்தில் இருந்த மக்கள் தூரத்திலேயே இருந்தனர். சூடானின் டார்பூர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நீண்ட போரின் பின்னர் 2011 யூலை 9 ஆம் திகதி தென்சூடான் தனிநாடாயிற்று. ஆனால் 2013 டிசம்பரில் அப்புதிய நாட்டின் தலைவர்களே தமக்குள் மோதிக்கொள்ள, மக்கள் மீண்டும் மூட்டை கட்டினர். வடக்கே சூடானில், 2023 ஏப்ரல் 15 இல் ஆயுதந்தாங்கிய இரு தளபதிகளுக்கு இடையே மூண்ட போரினால் 2024 ஆம் ஆண்டின் முடிவில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் தமது நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருந்தனர். மாலி, கினி, புர்கினா பாசோ, நைஜர், காபோன் ஆகிய நாடுகளில் 2020 தொடக்கம் 2023 வரை இராணுவச் சதிகள் நடந்தேறின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 இல் சாம்பியாவிலும், 2024 இல் செனகலிலும் பொட்சுவானாவிலும் ஆளுங்கட்சிகள் தேர்தலில் தோற்றன. ஆட்சி வாக்குச்சீட்டினால் கைமாறிற்று. பொட்சுவானாவில் 1966 இல் கிடைத்த சுதந்திரத்தின் பின்னர் ஆளுங்கட்சி தோற்றது அதுவே முதன்முறை. அங்கே ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை.

இங்கே நமக்குரிய பாடம் என்ன? அதிகாரம் யார் கையில் இருந்தாலும், அது கணக்குக் காட்டாத அதிகாரமாயின் ஏழைக்கு விடிவில்லை. இது கொழும்புக்கும் பொருந்தும், நம்மை நாமே ஆள்வதாகச் சொல்லப்படும் எந்த அமைப்புக்கும் பொருந்தும். நமது கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் வருடத்துக்கு ஒருமுறையேனும் எல்லார் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கின்றனவா? அரும்பு நிலையிலேயே இப்பழக்கம் வரவேண்டும்.

2. கடன்: நாட்டின் கழுத்திலும் வீட்டின் கழுத்திலும்

சாம்பியா 1964 இல் சுதந்திரமடைந்தபோது அதன் வருமானம் பெரும்பாலும் ஒரேயொரு பொருளில் தங்கியிருந்தது. அது செம்பு. 1970 களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் செம்பின் விலை விழுந்தது. ஒரே பயிரை நம்பிய கமக்காரருக்குச் சந்தை விழுந்தால் என்ன நடக்குமோ, அதுவே அந்நாட்டுக்கும் நடந்தது. வருமானம் குறைந்தது; செலவு குறையவில்லை; கடன் வளர்ந்தது. கடன் கொடுத்தோர் நிபந்தனை போட்டனர்: மானியத்தை வெட்டுங்கள், ஊழியரைக் குறையுங்கள், பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் கட்டணம் அறவிடுங்கள். ஆபிரிக்காவின் பல நாடுகள் 1980 களில் இந்நிபந்தனைகளின் கீழ் வாழ்ந்தன.

1996 இல் மிகுந்த கடன்சுமை கொண்ட வறிய நாடுகளுக்கான கடன் நிவாரணத் திட்டத்தை உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் தொடங்கின. உலகெங்கும் திருச்சபைகளும் மக்கள் இயக்கங்களும் யூபிலி 2000 என்ற பெயரில் குரல் எழுப்பியதும் இக்காலத்திலேயே. அதன் பயனாகச் சாம்பியாவின் பெருங்கடன் 2005 அளவில் நீக்கப்பட்டது. ஆனால் 2012 இலிருந்து அந்நாடு வேறொரு கதவைத் தட்டியது. உலகத் தனியார் முதலீட்டாளரிடம் கூடிய வட்டிக்கு டொலர் முறிகளை விற்று 300 கோடி டொலர் வரை பெற்றது. 2020 நவம்பரில் வட்டித் தவணையைக் கட்ட முடியாமற் போயிற்று. 2022 டிசம்பரில் கானா, 2023 டிசம்பரில் எதியோப்பியா என்று வேறு நாடுகளும் அதே நிலைக்கு வந்தன.

இந்த வரிசையில் இலங்கையும் நிற்கிறது. 2007 இல் முதன்முறையாக 50 கோடி டொலருக்கு இத்தகைய முறியை விற்றோம். பதினைந்து ஆண்டுகளின் பின், 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2022 செப்டெம்பரில் விலைவாசி முன்னைய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உதவித் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: வரி உயர்வு, மின்கட்டண உயர்வு, மானியக் குறைப்பு. மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பிள்ளைக்கும், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எரிபொருள் தேடும் தகப்பனுக்கும் அந்த முறிகளோடு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. ஆயினும் வட்டி அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

பசளைக் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2021 இல் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. சேதனப் பசளை நல்லதுதான்; மண்ணைக் காக்க அதனை நோக்கிச் செல்ல வேண்டியதும் உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் படிப்படியாகச் செய்யவேண்டிய மாற்றத்தை ஒரே போகத்தில் கட்டளையாற் செய்ய முனைந்தனர். டொலர் தட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம் எனப் பலரும் கருதினர். 2021 நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்துவிட்டது.

ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. 2005 இல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியபோது, பல வெளிநாட்டு ஆலோசகர் விரும்பாதிருந்தும், அந்நாட்டு அரசு சிறு கமக்காரருக்குப் பசளையும் விதைச் சோளமும் மானிய விலையில் வழங்கிற்று. மழையும் கைகொடுக்க, அரசாங்கக் கணக்கின்படி அடுத்த ஆண்டு சோள விளைச்சல் இரண்டு மடங்கானது. ஆயினும் அம்மானியம் ஆண்டுக்கு ஆண்டு திறைசேரியை விழுங்கியது. இறக்குமதிப் பசளையில் தங்கியிருக்கும் நிலையும் தொடர்ந்தது. ஆகவே திடீர்த் தடையும் மருந்தல்ல. முடிவில்லா மானியமும் மருந்தல்ல. மண்ணை வளப்படுத்தும் வழியைக் கமக்காரரோடு பேசி, அவர்கள் காலத்துக்கேற்பச் செய்வதே மருந்து.

இனி வீட்டுக் கடனுக்கு வருவோம். போர் முடிந்த பின்னர் வன்னிக்குள் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. உறுதியோ அடைவு வைக்க நகையோ இல்லாத பெண்களுக்கு, ஒருவருக்கொருவர் பிணை நின்றால் கடன் கிடைத்தது. கிழமைக்குக் கிழமை அறவிட வீட்டு வாசலுக்கே வந்தனர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க வேறொன்று என்று பலர் சிக்கினர். துன்பம் எவ்வளவு பரவிற்று என்றால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கமே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றுவழி ஒன்று ஆபிரிக்காவிலிருந்தே வருகிறது. 1991 இல் நைஜர் நாட்டின் மராடிப் பிரதேசத்தில் ஏழைப் பெண்களிடையே சேமிப்புக் குழு முறையொன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவிற்று. அதன் ஒழுங்கு எளிமையானது:

- 15 தொடக்கம் 25 பேர் கொண்ட, ஒருவரையொருவர் அறிந்த குழு.
- வெளிப்பணம் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கத்தவர் தம்மால் இயன்றளவு பங்கு வாங்குவர்.
- பணம் ஒரு பெட்டிக்குள். பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூவரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில்.
- பணம் வருவதும் போவதும் எல்லார் கண்முன்னே, கூட்டத்தில் மட்டுமே.
- கடனுக்கு வட்டி எவ்வளவென்று குழுவே தீர்மானிக்கும். அந்த வட்டி குழுவுக்கே திரும்பும்.
- வருட முடிவில் முழுப் பணமும் பங்குக்கேற்பப் பிரிக்கப்படும். விரும்பியோர் மீண்டும் தொடங்குவர்.

நமது சீட்டுக்கும், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது ஒன்றுவிட்ட சகோதரம் போன்றது. பெட்டிக்குள் இருக்கும் தொகை சிறிதாயினும் அதன் வட்டி ஊரைவிட்டுப் போவதில்லை.

3. காணி: திரும்பிப் போகும்போது எல்லை எங்கே?

மூன்றாவது தலைப்பே நமக்கு மிக நெருங்கியது. எனவே இதில் சற்று அதிகமாகத் தங்குவோம்.

உகண்டாவின் வடக்கே அச்சோலி மக்கள் வாழ்கின்றனர். 1980 களின் பிற்பகுதியில் தொடங்கிய கிளர்ச்சிப் போரில், ஒருபுறம் கிளர்ச்சியாளர் அவர்களுடைய பிள்ளைகளைக் கடத்திச் சென்று போராளிகளாக்கினர். மறுபுறம் 1996 இலிருந்து அரசாங்கம் அவர்களைப் பாதுகாப்புக் கிராமம் என்ற பெயரில் முகாம்களுக்குள் தள்ளிற்று. 2005 அளவில் வட உகண்டாவில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வின்படி, இயல்புக்கு மேலதிகமாகக் கிழமைக்கு 1,000 பேர் வரை மடிந்துகொண்டிருந்தனர். பெரும்பாலும் வெடிகளால் அல்ல, மலேரியா முதலிய நோய்களால். இரவில் கடத்தலுக்கு அஞ்சி ஆயிரமாயிரம் சிறுவர்கள் கிராமங்களிலிருந்து நகருக்கு நடந்துவந்து தெருவோரம் உறங்கினர். 2003 இல் குலு நகரில் அப்பகுதியின் மதத் தலைவர்கள் சில இரவுகள் அச்சிறுவர்களோடு தெருவிலேயே படுத்தனர். உலகின் கண் அதன் பின்னரே அங்கு திரும்பத் தொடங்கியது.

2006 இல் போர் ஓய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மக்கள் ஊர் திரும்பினர். துன்பம் முடிந்தது என்று எல்லாரும் எண்ணினர். ஆனால் அப்போதுதான் காணிப் பிணக்குகள் ஊருக்கு ஊர் எழுந்தன. காரணங்களைக் கவனியுங்கள். அவர்களின் நிலம் பெரும்பாலும் பரம்பரை வழக்கப்படி வந்தது, பத்திரம் இல்லை. எல்லையாக இருந்தவை மரம், நீரோடை, முன்னோர் கல்லறை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காடு மூடிவிட்டது. எல்லை அறிந்த பெரியவர்கள் முகாமிலேயே இறந்துவிட்டனர். முகாமிற் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் வளவு எதுவென்றே தெரியாது. விதவைகளை, "உனக்கு இங்கே என்ன உரிமை?" என்று கணவனின் உறவினரே விரட்டினர். அதே வேளையில் வெற்றுநிலம் என்று சொல்லிக்கொண்டு பெருங்கம்பனிகளும் வேட்டை ஒதுக்கிடத் திட்டங்களும் வந்தன. போரினால் நிலத்தை இழக்காதவர்களும் சமாதானத்தில் இழக்கும் நிலை ஏற்பட்டது.

இதை வாசிக்கும்போது நமது ஊரை யாரோ எழுதியிருப்பதாகத் தோன்றவில்லையா?

நமது அனுபவத்தை நினைவுகூர்வோம். 2009 இல் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களுக்குள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் இருந்தது செட்டிகுளம் மெனிக்பாம். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, இறுதியாக வெளியேறிய கேப்பாப்பிலவுக் குடும்பங்கள் தமது ஊருக்குப் போகவில்லை. அங்கே படைமுகாம் இருந்தது. அவர்கள் சீனியாமோட்டையிற் குடியிருத்தப்பட்டனர். 2017 தொடக்கத்தில் பிலவுக்குடியிருப்பு மக்கள் வீதியோரம் ஒரு மாதம் இரவு பகலாக அமர்ந்து தமது நிலத்தை மீட்டனர். கேப்பாப்பிலவு மக்களின் போராட்டத்தினால் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு பகுதி நிலம் விடுவிக்கப்பட்டது. 1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் தமது தீவுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டனர். இவை யாவும் ஆயுதமின்றி, பெண்களே முன்னின்று நடத்திய போராட்டங்கள்.

காணிக்கான ஆபத்து படைமுகாமால் மட்டும் வருவதல்ல. கடதாசியாலும் வரும். 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைக் குறிப்பிட்டது. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின் அவை அரசகாணியாக அறிவிக்கப்படலாம் என்பது அதன் சாரம். உறுதியைத் தீயிலும் ஓட்டத்திலும் இழந்தவர், இந்தியாவில் அகதியாக இருப்பவர், இறந்துபோன தகப்பனின் பெயரில் காணி கிடப்பவர் மூன்று மாதத்தில் என்ன செய்வார்? மக்களின் எதிர்ப்பையும் நீதிமன்ற வழக்கையும் அடுத்து அந்த அறிவித்தல் அவ்வாண்டிலேயே மீளப் பெறப்பட்டது. ஆனால் 1840 இல் தொடங்கிய அந்த எண்ணம் இன்னும் இறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இடம்பெயர்ந்தோர் பிச்சை கேட்பவர்கள் அல்லர், உரிமை உடையவர்கள் என்பதை உலகுக்கு எடுத்துச் சொல்வதிலும் ஆபிரிக்கா முன்னின்றது. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் பிரதிநிதியாக 1993 இல் இலங்கைக்கும் வந்து இடம்பெயர்ந்தோர் நிலையை ஆராய்ந்தார். அவருடைய பணியின் பயனாக 1998 இல் உள்ளகப் இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள் வெளிவந்தன. தாமாக விரும்பி, பாதுகாப்போடும் கௌரவத்தோடும் திரும்பும் உரிமை, இழந்த சொத்தை மீளப்பெறும் உரிமை, அதற்கு வழியில்லாவிடில் நட்டஈடு பெறும் உரிமை ஆகியன அவற்றில் உள்ளன. நமது மக்கள் மெனிக்பாமில் அடைபட்டிருந்த அதே 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஆபிரிக்க ஒன்றியம் உகண்டாவின் கம்பாலா நகரில் இடம்பெயர்ந்தோரைப் பாதுகாக்கும் உடன்படிக்கையை ஏற்றது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அரசுகளைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் இத்தகைய பிராந்திய உடன்படிக்கை உலகில் அதுவே முதலாவது. நமது ஆசியப் பகுதியில் அதற்கு நிகரான ஒன்று இல்லை.

ருவாண்டாவையும் நோக்குவோம். 1994 இனப்படுகொலையின் பின்னர் காணி யாருக்கு என்பது அங்கே தீராத கேள்வியாயிற்று. 1999 இல் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் சம சொத்துரிமை வழங்கும் சட்டம் வந்தது. பின்னர் நாடு முழுவதும் காணிப்பதிவு நடந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து வைத்து, அயலவர் சூழ நிற்க, வயலுக்கே சென்று எல்லை குறித்தனர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடி காணித்துண்டுகள் பதிவாயின. கணவனோடு மனைவியின் பெயரும் எழுதப்பட்டது. அங்கே அரசைக் குறைகூறும் சுதந்திரம் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் அயலவரைச் சாட்சியாக வைத்து எல்லை குறிக்கும் முறை நாம் கற்கத்தக்கது. நமது நாட்டிலும் அனுமதிப்பத்திரக் காணியின் உரித்தில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் தந்த பழைய அட்டவணை 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது. பெண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும்.

4. நமக்குள்ளே ஒரு கேள்வி

பிறர் நமக்குச் செய்த அநீதியைப் பேசுவது இலகு. நமக்குள் இருப்பதைப் பேசுவது கடினம். 2007 டிசம்பர் தேர்தலை அடுத்துக் கென்யாவில் நடந்த வன்முறையில் 1,000 பேருக்கு மேல் இறந்தனர்; இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். "நீ இந்த மண்ணுக்கு உரியவன் அல்ல, வந்தேறியவன்" என்ற பேச்சு அங்கே அயலவரை எதிரியாக்கிற்று.

நம்மிடம் "வந்தான் வரத்தான்" என்ற சொல் இல்லையா? 1977 வன்செயலை அடுத்து மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களைக் காந்தீயம் இயக்கம் வவுனியா மாவட்டத்திற் குடியமர்த்தியது. அவர்கள் காடு வெட்டினர். எல்லைக் கிராமங்களில் வெயிலையும் வெடியையும் முதலில் தாங்கினர். அவர்களுடைய பிள்ளைகளுட் பலர் கூலிக்கே பிறர் வயலில் நிற்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில நாள் அவகாசத்தில், சில இடங்களில் சில மணி நேரத்தில், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் தமது வளவுக்குத் திரும்பும் உரிமை உடையவர்களே. நமக்கென்று கேட்கும் நியாயத்தை அயலவருக்கும் கேட்டால்தான் அது நியாயம்; இல்லையேல் அது வெறும் தன்னலம்.

5. செய்யக்கூடியவை

1. காணிக் கோவை: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோவை தொடங்குங்கள். அனுமதிப்பத்திரம் அல்லது உறுதியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு இறப்புச் சான்றிதழ், கமநல சேவை நிலையத்தில் பதிந்த சான்று, பழைய பங்கீட்டு அட்டை, முகாம் பதிவுத்துண்டு எதுவாயினும் அதில் இடுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் வையுங்கள்.

2. பின்னுரித்தாளர்: அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகத்திற் பாருங்கள். இல்லையெனில் உயிரோடிருக்கும்போதே பதியுங்கள்.

3. எல்லை நடை: ஊரின் முதியவர்களோடு இளையோர் காணிகளைச் சுற்றி நடந்து, எல்லைகளை ஒரு கொப்பியிற் கீறி, அயற்காணிக்காரர் இருபுறமும் கையொப்பமிடட்டும். இது சட்டப்படி உறுதியாகாது. ஆனால் நாளை பிணக்கு வரும்போது நல்ல சாட்சியாகும். எல்லையிற் பூவரசு, கிளுவைக் கதியால்களை நடுங்கள். சீமெந்துத் தூணைப் பிடுங்கலாம். வேர்விட்ட மரத்தை இரவோடிரவாக மாற்ற முடியாது.

4. சேமிப்புப் பெட்டி: மூன்று பூட்டுப் பெட்டியோடு ஒரு குழுவைத் தொடங்குங்கள். முதல் ஆண்டில் தொகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒழுங்கைப் பழகுங்கள்.

5. அறிவித்தல் வாசிப்பு: ஊருக்கு ஒருவர், பெரும்பாலும் படித்த ஓர் இளம்பெண், காணி பற்றிய வர்த்தமானி அறிவித்தல்களையும் பிரதேச செயலக அறிவித்தல்களையும் மாதந்தோறும் பார்த்துச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கட்டும்.

கலந்துரையாடுவதற்கான கேள்விகள்

- நமது ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு உறுதி உண்டு, எத்தனை குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரம் மட்டும் உண்டு, எத்தனை குடும்பங்களுக்கு இரண்டும் இல்லை?
- எல்லை அறிந்த முதியவர்கள் எத்தனை பேர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்? அவர்கள் சொல்வதை யார் எழுதுகின்றனர்?
- நாம் கிழமைதோறும் கட்டும் வட்டி மொத்தமாக எவ்வளவு? அது எங்கே போகிறது?
- நமது சங்கத்தில் கணக்குக் கேட்பவரை எவ்வாறு பார்க்கிறோம்? அக்கறையுள்ளவராகவா, குழப்பக்காரராகவா?
- நமது ஊரில் காணியில்லாத குடும்பம் எது? அதற்காக நாம் கூட்டாக என்ன செய்யலாம்?

அச்சோலிப் பெரியவர்கள் முகாமில் இறந்தபோது அவர்களோடு ஊரின் எல்லைகளும் புதைந்தன. நம்முடைய பெரியவர்களிற் சிலர் இன்னும் திண்ணையில் இருக்கின்றனர். அடுத்த போகத்துக்கு முன்னர் ஒரு கொப்பியோடு அவர்கள் பக்கத்தில் அமர்வோம்.